கைபாப் மான்களும் ஆட்சியுரிமைப் பிணக்கும்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் வடகரையை அடுத்து உயர்ந்து கிடப்பது கைபாப் மேட்டுநிலம். ஊசியிலை மரங்களும் அஸ்பென் மரங்களும் செறிந்த அக்காட்டில் நீண்ட செவிகளையுடைய ஒருவகை மானினம் வாழ்கின்றது. இம்மான்களைப் பற்றி எழுந்த பிணக்கு விலங்கியலாரினும் ஆட்சியாளரையே பெரிதும் அலைக்கழித்தது.

1906 ஆம் ஆண்டிலே சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற் இம்மேட்டுநிலத்தை வேட்டைவிலங்குக் காப்பிடமாகப் பிரகடனஞ் செய்தார். மான்வேட்டை தடுக்கப்பட்டது. அரசாங்க ஊதியம் பெற்ற வேட்டையாளர் பூமாக்களையும், கொயோட்டு எனப்படும் சிறு ஓநாய்களையும் ஆண்டுதோறும் கொன்றனர். ஆடுமாடுகளின் மேய்ச்சலும் குறைந்தது. மான்கள் பல்கின, 1920 களில் அவற்றின் வாய்க்கு எட்டும் உயரம்வரை தழையெல்லாம் கறிக்கப்பட்டு, மரங்கள் கீழ்ப்புறம் வெறுமையாய் நின்றன.

மான்தொகை குறைக்கப்படவேண்டும் எனப் பலரும் ஒப்பினர். குறைப்பவர் யார் என்பதே வினாவாயிற்று. காட்டுநிலம் மத்திய அரசாங்கத்துக்கு உரியது. ஆனால், நிலம் எவருடையதாயினும் காட்டுவிலங்கு தன் வேட்டைச் சட்டங்களுக்கே அமைந்தது என்றது மாநில அரசாங்கம். 1919 இல் தேசியப் பூங்காவாகிய தென்பகுதியின் பரிபாலகரோ, காணவருவோர் கண்டு மகிழும் மான்களைச் சுட மனமிசைந்திலர்.

1924 டிசெம்பரிலே விந்தையான முயற்சியொன்று நிகழ்ந்தது. மான்களைப் பள்ளத்தாக்கினூடே தென்கரைக்கு ஓட்டிச்செல்லத் துணிந்து, நவஹோ, பையூட் குடிமக்கள் உள்ளிட்ட பலர் மணிகளை ஒலித்தவாறு வரிசையாய் நடந்தனர். நாவலாசிரியர் சேன் கிறேயும் உடனிருந்தார். பனிப்புயல் எழுந்தது, மான்கள் ஆட்களுக்கிடையே புகுந்து பின்னோக்கி ஓடின. ஒரு மானேனும் மறுகரை சேர்ந்திலது. மாட்டு மந்தை ஓட்டிப் பழகியோர் மானையும் அவ்வாறே எண்ணினர் போலும்!

இதனிடையே மாரிகாலங்களில் மிகப்பல மான்கள் பட்டினியால் மடிந்தன. மத்திய அரசின் ஆணைப்படி மான்களைச் சுட்டோரை மாநில அதிகாரிகள் கைதுசெய்ய, மத்திய அரசு ஆளுநர் ஜோர்ஜ் ஹன்ற் முதலியோர்மீது வழக்குத் தொடுத்தது. 1928 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் நிலத்தைச் சேதத்தினின்றும் காத்தற்பொருட்டு அரசு மான்களைக் கொல்லலாம். மாநிலச் சட்டம் அதனைத் தடுக்காது என்பதே தீர்ப்பு. ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது: அவ்வதிகாரம் மான்மீதுள்ள உடைமையிலிருந்தன்றி, நிலத்தின்மீதுள்ள உடைமையிலிருந்தே பெறப்பட்டது. காப்பிடத்துக்கு வெளியே கொண்டுசெல்லப்படும் மானுடல்களில் மத்திய அரசின் அதிகாரத்தாற் கொல்லப்பட்டவை எனக் காட்டும் அடையாளச் சீட்டு இருத்தல் வேண்டும் எனவும் மன்று பணித்தது.

இத்துணை வழக்காடியும் மான்தொகையை எவரும் திட்டமாய் அறிந்திலர். 1924 இற்குரிய மதிப்பீடுகள் 30,000 முதல் 100,000 வரை வேறுபட்டன. அல்டோ லியோபோல்ட் 1943 இல் வெளியிட்ட வரைபடம் 100,000 என்பதையே உச்சமாகக் கொண்டது. ஊனுண் விலங்குகளை அழித்ததன் விளைவு இதுவெனப் பாடநூல்கள் பல அதனை ஐயமின்றி ஏற்றன. 1970 இல் கிறேம் கோக்லி என்னும் விலங்கியலாளர், அம்மதிப்பீடுகள் நம்பத்தக்கனவல்ல என்றும், ஆடுமாடுகள் அகன்றமையும் காரணமாகலாம் என்றும் காட்டிய பின்னரே ஆசிரியர்கள் அப்பாடத்தைக் கைவிடலாயினர். உறுதியற்ற எண்ணொன்று வரைகோடாகியவுடன் மெய்யென மதிப்புப் பெற்றுவிடுவது வியப்பே.

2006 இல் வெளியான ஆய்வொன்று அஸ்பென் மரங்களின் வயதைக் கணித்தது. 1920 களில் முளைத்து நிலைத்த மரங்கள் மிகச் சிலவாகவே காணப்பட்டன. இதனால் மான்கள் மிகைப்பட்டிருந்தன என்பது வலுப்பெற்றது. பூமாக்களின் அழிவு எவ்வளவு, மேய்ச்சற் குறைவு எவ்வளவு எனப் பிரித்துக் கூறல் இன்னும் அரிதாகவே உள்ளது.