இரவல் பெயரில் எழுதியவர்

நாவல் எழுதுகிறவர்கள் பணத்துக்காக ஹொலிவூட் பக்கம் போவது புதிதல்ல. டோல்டன் ட்ரம்போவும் போனார். 1939 இல் யுத்தத்துக்கு எதிராக ‘ஜொனி கொட் ஹிஸ் கன்’ நாவலை எழுதியவர், திரைக்கதைக்குக் கூடிய சம்பளம் வாங்கியவர்களில் ஒருவரானார். 1947 இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு அவரைக் கூப்பிட்டு, கொம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்று கேட்டது. பதில் சொல்ல மறுத்தார். ஸ்டூடியோக்கள் கதவைச் சாத்தின. 1950 இல் சிறைக்கும் போனார்.

சரி, எழுத்தை விட்டாரா? இல்லை, பெயரைத்தான் விட்டார். கூலியோ முந்தியதில் ஒரு துண்டு. பெயர் சொல்ல முடியாத ஆள் எப்படிப் பேரம் பேசுவது? ‘ரோமன் ஹொலிடே’ (1953) கதை இவருடையது. ஒஸ்கார் போனது பெயரை இரவல் கொடுத்த நண்பர் இயன் மெக்லெலன் ஹன்டருக்கு. ‘த பிரேவ் வன்’ கதைக்காக 1957 இல் ‘ரொபர்ட் ரிச்’ என்பவரை மேடைக்கு அழைத்தார்கள். அந்தப் பெயரில் எந்த எழுத்தாளரும் எழும்பி வரவில்லை!

1960 இல்தான் ‘ஸ்பார்டகஸ்’, ‘எக்ஸடஸ்’ இரண்டிலும் அவருடைய சொந்தப் பெயர் திரையில் விழுந்தது. ரொபர்ட் ரிச்சுக்குரிய சிலையை 1975 இல் கையில் வாங்கினார். அடுத்த வருடம் காலமானார். ‘ரோமன் ஹொலிடே’ விருது 1993 இல் வந்தபோது வாங்கிக்கொண்டவர் மனைவி கிளியோ.