நரம்பு பேசும் மொழி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

காலில் முள் தைத்தால் கண நேரத்தில் "ஆ" என்கிறோம். பாதத்தில் நிகழ்ந்தது மூளைக்கு எட்டியது எப்படி? உணர்வு நரம்பின் வழியே ஓடும் மின்துடிப்புகளே தூது செல்கின்றன. அத்தூதை விஞ்ஞானிகள் படித்தறிந்த விதத்தைச் சிறிது காண்போம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர் எட்கர் ஏட்ரியன். நரம்பின் துடிப்பு மிக நுண்ணியது. ஆகவே, அக்கால வானொலிப் பெட்டிகளில் இருந்தவை போன்ற வால்வுகளைக் கொண்டு அதனைப் பன்மடங்கு பெருக்கிப் பதிவு செய்தார். 1926-ல் சுவீடன் நாட்டு சாட்டர்மனுடன் சேர்ந்து, தவளையின் சிறு தசையொன்றைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கழித்து, ஒரேயொரு உணர்வு முனை மட்டும் எஞ்சுமாறு செய்தார். பிறகு தசையில் எடையைத் தொங்கவிட்டார்.

எடை கூடியபோது துடிப்பின் உயரம் கூடவில்லை. துடிப்புகள் அடிக்கடி வந்தன. அவசரத்தில் அடிக்கப்படும் மணியைப் போல! அடியின் பலம் ஒன்றே, வேகம்தான் வேறு. எடையை மாற்றாமல் வைத்திருந்தால் துடிப்புகள் மெல்லக் குறைந்தன. காலையில் அணிந்த சட்டையைச் சற்று நேரத்தில் மறந்துவிடுகிறோமே, அதற்கும் இத்தகைய தணிவு ஒரு காரணமாகும். 1932-ல் ஏட்ரியனுக்கும் ஷெரிங்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று மருத்துவமனைகளில் தோலின் மீதே மின்முனைகளை வைத்து இத்துடிப்பைப் பதிவு செய்கின்றனர். கெண்டைக்காலில் சிறு மின்னோட்டம் கொடுத்துக் கணுக்காலருகே பதிவு செய்வர். இடைத்தூரம் 140 மில்லிமீட்டர், துடிப்பு வந்துசேர 2.8 மில்லிசெகண்டு எனில், வேகம் விநாடிக்கு 50 மீட்டர். நீரிழிவால் நரம்பு கெட்டால் வேகம் குறையும். பதிவின் உயரமும் தாழும். நரம்பிழைகள் பல அழிந்துவிட்டதையே அது காட்டுகிறது.

செங்கல் சூளையில் வெறுங்காலுடன் உழைத்த என் தந்தைக்கும் இச்சோதனை நடந்தது. பாத எரிச்சல் நின்றதும், "நோய் விட்டதடா" என்று மகிழ்ந்தவர் அவர். பின்னர் செருப்பு கழன்று விழுந்ததும் அறியாமல் நடந்தார். சோதனைத் தாளில் கோடு ஏறக்குறைய நேராகவே ஓடியது. எங்கள் வீட்டில் அதைப் படித்துச் சொல்லக்கூடியவன் நான் ஒருவனே. "அப்பா, வலி போகவில்லை, வலியைச் சொல்லும் நரம்புதான் ஊமையாகிவிட்டது" என்றேன்.

நண்பர்களே, நம் இல்லங்களிலும் நீரிழிவு உள்ளோர் பலர் உண்டு. நாள்தோறும் அவர்கள் பாதங்களைப் பாருங்கள். வெறுங்காலுடன் நடக்க விடாதீர்கள். நரம்பு சொல்லாததை நம் கண்கள் சொல்லட்டும்.