சீட்டு மேஜையில் நாடி பார்ப்பவர்கள்

பாரதத்து நளோபாக்கியானத்தில், அயோத்தி வேந்தனாகிய ரிதுபர்ணன் தேரில் இருந்தபடியே வழியிலுள்ள தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணிச் சொல்லிவிடுகிறான். சாரதி வேஷத்தில் இருந்த நளன் அதை நம்பாமல் தேரை நிறுத்தி, மரத்தையே வெட்டிச் சாய்த்து எண்ணிப் பார்த்துக் கணக்குச் சரியாயிருக்கக் கண்டு வியந்து, தனக்குத் தெரிந்த அசுவ சாஸ்திரத்தைக் கொடுத்து அந்த வித்தையைப் பெற்றுக்கொள்கிறான். சூதின் இரகசியமும் எண்ணும் வித்தையும் ஒன்றாகவே அங்கே பேசப்படுகின்றன. சூதாட்டத்தில் பாதி கணக்கு என்பது அன்றைக்கே தெரிந்த விஷயந்தான். ஆனால் தாயக்கட்டைக்குச் சுபாவம் என்று ஒன்று கிடையாது, சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கோ உண்டு. மற்றப் பாதி அவனிடத்தில் இருக்கிறது.

இதற்கு உதாரணமாகப் போக்கர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் பிரபல வகையாகிய டெக்ஸாஸ் ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் கவிழ்த்த சீட்டு இரண்டு; எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கப்படுவன ஐந்து; பந்தயச் சுற்று நான்கு. தம் முறை வரும்போது ஒருவர் பந்தயத்தை ஏற்றலாம், பிறர் வைத்ததற்குச் சமமாக வைக்கலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். மற்ற யாவரும் விலகிவிட்டால், எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலேயே பணத்தை வாரிக்கொள்கிறார். இந்த ஒரு விதியின் வழியாகத்தான் பொய்யும் பாசாங்கும் அந்த ஆட்டத்துக்குள் நுழைகின்றன. நம் நாட்டில் ஆடப்படும் மூன்று சீட்டு இதற்கு நெருங்கிய உறவு. அதில் சீட்டைப் பார்த்துவிட்டவர், பார்க்காமல் பிளைண்டாக ஆடுபவரைப் போல இரண்டு மடங்கு வைக்க வேண்டும் என்பதால், சீட்டைப் புரட்டிப் பார்ப்பதே எதிராளிக்கு ஒரு செய்தியாகிவிடுகிறது.

எதிராளியை ஆராய்வது என்றதும் பெரும்பாலோர் நினைப்பது முகத்தைத்தான். மைக் காரோ என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1984-ல் வெளியிட்ட புத்தகம் முழுவதும் இத்தகைய அங்க சேஷ்டைகளைப் பற்றியதே. நல்ல சீட்டு வந்தவர் அலட்சியமாக இருப்பதுபோலவும், ஒன்றுமில்லாதவர் மிடுக்காகவும் நடிப்பார்கள் என்பது அவருடைய மூல சித்தாந்தம். பந்தயம் வைக்கும்போது கை நடுங்கினால் பொய் சொல்லுகிறான் என்று நாம் முடிவு கட்டுவோமல்லவா? அநேகமாக அது பலத்த சீட்டு வந்துவிட்ட பரபரப்பே என்கிறார் அவர். முகத்தை நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2013-ல் வெளியான ஒரு பரிசோதனையும் சாட்சியாக இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தயம் வைக்கும் காட்சிகளை மாணவர்களுக்குக் காட்டி, சீட்டின் பலத்தை ஊகிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் தேறியிருக்கக்கூடிய அளவுக்குக்கூடத் தேறவில்லை. நாணயங்களை நகர்த்தும் கையை மட்டும் பார்த்தவர்களோ அதைவிட நன்றாகச் சொன்னார்கள். முகத்தைப் பழக்கிவைத்திருந்த அந்த ஆட்டக்காரர்களுக்குக் கையைப் பழக்கத் தோன்றவில்லை போலும்.

இருந்தாலும் முகமும் கையும் இரண்டாம் பட்சந்தான் என்பது என் அபிப்பிராயம். மனிதன் தன் சுபாவத்தை மறைக்க முடியாமல் எழுதிவைக்கும் இடம், அவன் பணம் வைக்கும் முறை. ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் 1,326 விதமான ஜோடிகள் கிடைக்கும். மேஜையில் ஒருவர் மகா ஜாக்கிரதைக்காரர்; இரண்டு ஏஸ், இரண்டு ராஜா, இரண்டு ராணி, அல்லது ஓர் ஏஸும் ஒரு ராஜாவும் கையில் வந்தாலன்றித் தொடக்கத்தில் பந்தயத்தை ஏற்றமாட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏற்றக்கூடிய ஜோடிகள் ஆக மொத்தம் 34; ஏறக்குறைய முப்பத்தொன்பது ஆட்டத்துக்கு ஒரு தடவை. அப்படிப்பட்டவர் வாயைத் திறக்காமல் பணத்தை முன்னே தள்ளினாலும், தம் சீட்டைப் பாதி திறந்து காட்டியவரே ஆகிறார். அதே தொகையை, மூன்று ஆட்டத்துக்கு ஒரு தடவை உற்சாகமாக ஏற்றிக்கொண்டிருக்கும் வேறொருவர் தள்ளினால், அதற்கு அவ்வளவு அர்த்தம் இல்லை. இந்த அநுமானத்தோடு கணக்கும் சேர்ந்துகொள்கிறது: நம் கையிலேயே ஓர் ஏஸ் இருந்தால், ஜாக்கிரதைக்காரரிடம் இரண்டு ஏஸ் இருக்கக்கூடிய வழிகள் ஆறிலிருந்து மூன்றாகவும், ஏஸும் ராஜாவும் இருக்கக்கூடிய வழிகள் பதினாறிலிருந்து பன்னிரண்டாகவும் குறைந்துவிடுகின்றன.

ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதிராளியைப் பற்றி முதலில் விசாரிப்பவை இரண்டு விஷயங்கள். எத்தனை ஆட்டங்களில் அவர் தாமாக முன்வந்து பணம் வைக்கிறார் என்பது ஒன்று. வைக்கும்போது ஏற்றுகிறாரா, பிறர் ஏற்றியதற்குப் பின்னால் போகிறாரா என்பது மற்றொன்று. எல்லா ஆட்டத்திலும் புகுந்து, எதற்கும் விலகாமல், ஆனால் தாமாக ஏற்றத் துணியாமல் ஆடுகிறவர் எங்கும் உண்டு. அவரே மற்றவர்களுக்குப் படியளப்பவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் திடீரென்று பந்தயத்தை ஏற்றினாரானால், அநுபவசாலிகள் நல்ல சீட்டையும் மரியாதையாகப் போட்டுவிடுவார்கள். செய்கையைவிட, வழக்கத்திலிருந்து செய்கை பிறழ்வதே அதிகம் பேசுகிறது. பத்து இருபது ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவருடைய குணத்தை நிச்சயித்துவிட்டதாக எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். அதிருஷ்டத்தால் தொடர்ந்து நல்ல சீட்டு வந்த சாதுவை அவர்கள் முரடனென்று எண்ணிப் பணத்தை இழப்பார்கள்.

சரியாக ஊகித்தும் தோற்றவர்கள் உண்டு. 2003-ம் வருஷத்து உலகப் போக்கர் போட்டியின் இறுதிக் கட்டத்தில், டென்னஸி மாகாணத்துக் கணக்கரான கிறிஸ் மணிமேக்கரும், பழுத்த ஆட்டக்காரரான சாம் ஃபர்ஹாவும் எதிரெதிரே இருந்தார்கள். நடுவில் திறந்த சீட்டுகளில் பெரியது ஒன்பது. ஃபர்ஹாவிடம் ஒரு ராணியும் ஓர் ஒன்பதும் இருந்தமையால் அவருக்கு ஜோடி சேர்ந்திருந்தது. மணிமேக்கரிடம் இருந்தவை ராஜாவும் ஏழும். எதிர்பார்த்த இஸ்பேட்டு வராமற் போகவே, அவர் கையில் ஒன்றுமே சேரவில்லை. அந்த நிலையில் அவர் தம்மிடமிருந்த முழுவதையும் பந்தயமாக முன்னே தள்ளினார். ஒரே வகைச் சீட்டு ஐந்து சேர்க்க முயன்று ஏமாந்துவிட்டாய்போலிருக்கிறது என்று ஃபர்ஹா வாய்விட்டே சந்தேகித்தார். சந்தேகித்தது அட்சரம் பிசகாத உண்மை. ஆனாலும் நெடுநேரம் யோசித்துச் சீட்டைப் போட்டுவிட்டார். மணிமேக்கர் இருபத்தைந்து லட்சம் டாலர் பரிசை வென்றார். அநுமானம் வேறு, அதன்மேல் பணத்தை வைக்கும் தைரியம் வேறு; பந்தயத்தின் அளவைப் பெரிதாக்கி அந்தத் தைரியத்தைக் குலைப்பதும் ஒரு யுக்தியே.

பொய்ப் பந்தயம் துணிச்சற்காரரின் துர்க்குணம் என்றே வெகுகாலம் எண்ணப்பட்டு வந்தது. அதற்கு ஒரு கணக்கு உண்டு என்று காட்டியவர்களுள் தலையாயவர் ஜான் வான் நாய்மன். 1928-ல் இத்தகைய ஆட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிய அந்தக் கணித மேதை, ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944-ல் வெளியிட்ட பெரிய நூலில் போக்கரை விஸ்தாரமாக ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட சுருக்கமான ஆட்டத்தில், மிக நல்ல சீட்டோடும் மிக மோசமான சீட்டோடும் பந்தயம் வைக்க வேண்டும், நடுத்தரமான சீட்டோடு சும்மா இருக்க வேண்டும் என்று விடை வந்தது. விந்தையாகத் தோன்றினாலும் இதில் நியாயம் இருக்கிறது: நடுத்தரச் சீட்டு காட்டினாலே சில சமயம் ஜயிக்கும்; கடைநிலைச் சீட்டுக்குப் பொய்யைத் தவிர வேறு கதி கிடையாது. பொய்யின் அளவையும் கணக்கிடலாம். நடுவில் நூறு ரூபாய் இருக்கும்போது ஒருவர் மேலும் நூறு வைத்தால், எதிராளி இருநூறை எடுப்பதற்காக நூறைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. வைத்தவருடைய மூன்று பந்தயங்களில் ஒன்று பொய்யாக இருந்தால், எதிராளிக்குத் தொடர்வதும் விலகுவதும் ஒன்றேயாகிவிடும். அதற்குக் குறைவாகப் பொய் சொன்னால் அவருடைய நல்ல சீட்டுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். மிகுதியாகச் சொன்னால் எல்லோரும் தொடர்ந்து வந்து அகப்படுத்திவிடுவார்கள்.

இந்த அளவைக் கொஞ்சமும் தவறாமல் கடைப்பிடிப்பவரிடம், படித்தறியத்தக்க வழக்கம் என்று ஏதும் இராது. மனிதருள் அப்படி ஒருவரைக் காண்பது அரிது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள் எதிர்கொண்டது, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ராடஸ் என்னும் கணினி நிரலை. இருபது நாட்கள், 1,20,000 ஆட்டங்கள். ஆட்டக்காரர்கள் தினமும் இரவில் கூடி, அன்று அதன் போக்கில் கண்ட ஓட்டைகளைப் பற்றிக் கலந்து பேசினார்கள். இயந்திரமோ அவர்களுடைய குணாதிசயங்களை விசாரிக்கவே இல்லை. அவர்கள் வைத்த பந்தயத் தொகைகளுள் தான் முன்னரே கணக்கிட்டிராதவை எவையென்று பார்த்து, அவற்றுக்குரிய விடையை இரவோடிரவாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டது. முடிவில் நால்வரும் சேர்ந்து பதினேழு லட்சம் டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்களை அதனிடம் இழந்திருந்தார்கள். நல்ல வேளையாக அவை பெயரளவில்தான் டாலர்கள்.

ஆனால் சாதாரண மேஜைகளில் உட்காருகிறவர்கள் இத்தகைய இயந்திரங்கள் அல்லர். எதற்கும் விலகாத அந்தப் படியளக்கும் மனிதர் எதிரே இருக்கும்போதும், தன் கணக்கை மாற்றிக்கொள்ளாத இயந்திரம் மூன்றில் ஒரு பந்தயத்தைப் பொய்யாக வைத்துக்கொண்டே போகும். அவரோ ஒவ்வொன்றையும் கடைசிவரை தொடர்ந்து வந்து பிடித்துவிடுவார். ஓரளவு விவேகமுள்ள மனிதன் இரண்டாம் தடவையே பொய்யை நிறுத்திவிட்டு, நல்ல சீட்டு வரும்வரையில் காத்திருப்பான்.