வானியல் கருவிகளுக்கென ஓர் ஆய்விதழ்

வானியலில் புதிய முடிவொன்று அறிவிக்கப்படும்போது, நோக்கப்பட்ட விண்மீன் பேசப்படுகிறதேயன்றி அதனைக் காட்டிய கருவி பேசப்படுவதில்லை. கருவியின் அமைப்பும் அளவுத்திருத்தமும் கட்டுரையின் ஓரிரு பத்திகளில் அடங்கிவிடுதலே பெருவழக்கு. தமிழ் மரபு இலக்கணத்தைக் ‘கருவிநூல்’ எனப் போற்றி, கருவியையே தனிக்கல்வியாக்கியது. வானியலில் அத்தகைய இடம் காலந்தாழ்த்தியே அமைந்தது எனலாம். எஸ்.பி.ஐ.இ. என்னும் பன்னாட்டு ஒளியியல் கழகம் 2015 முதல் வெளியிட்டுவரும் ‘ஜாட்டிஸ்’ என்ற காலாண்டிதழ் அவ்விடத்தை நிரப்பும் இதழ்களுள் ஒன்று. தொலைநோக்கிகள், நிறமாலைமானிகள், உணரிகள், அவற்றை இயக்கும் மென்பொருள்கள் ஆகியனவே இதன் ஆய்வுப்பொருள்.

இத்தகைய இதழின் தேவையை ஹபிள் தொலைநோக்கியின் வரலாறு தெளிவாக்குகிறது. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட அதன் 2.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடி, விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரான் அளவு கூடுதலாகத் தட்டையாக்கப்பட்டிருந்தது. மெருகேற்றியதில் குறையில்லை, தவறான வடிவத்திற்கே மிகத் துல்லியமாக மெருகேற்றப்பட்டிருந்தது. கண்ணாடியைச் சோதித்த கருவியில் வில்லை ஒன்று 1.3 மில்லிமீட்டர் இடம் பெயர்ந்திருந்தமையே காரணம். வேறு சோதனைகள் இப்பிழையைக் காட்டியும், அவை துல்லியம் குறைந்தவை எனத் தள்ளப்பட்டன. சோதிக்கும் கருவியைச் சோதிப்பார் இல்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் திருத்த ஒளியியல் அமைப்புகளைப் பொருத்திய பின்னரே படிமங்கள் தெளிந்தன.

துறைசார் மாநாட்டுத் தொகுப்புகள் முன்னரும் இருந்தன, இன்றும் உள்ளன. ஆயின் அவற்றில் பெரும்பாலும் கருவி எவ்வாறு செயற்படும் என்னும் எதிர்பார்ப்பே இடம்பெறும். வல்லுநர் மதிப்பாய்வும் பொதுவாக இராது. எவ்வாறு செயற்பட்டது என்பதை அளந்து காட்டி, பிறர் கேள்விக்கு விடையளித்த பின் அச்சேறும் கட்டுரை வேறு தகுதியுடையது. ஒரு கருவியை உருவாக்குவதில் பல்லாண்டுகளைச் செலவிடும் இளம் ஆய்வாளருக்குத் தம் பெயரில் கட்டுரை அமைவதும் சிறு பயனன்று.

பயன் அவரோடு முடிவதில்லை. ஹபிள் 1990க்கும் 1993க்கும் இடையில் எடுத்த படிமங்கள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றை எடுத்தாளுவோர் விண்மீனை ஆராயுமுன் அக்கண்ணாடியின் பிழையளவை அறிந்தாக வேண்டும்.