படியெடுத்த உயிர்கள் – 6: பட்டினி போட்ட செல்

தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து ஜான் கர்டன் முழுத் தவளையை வளர்த்துக் காட்டியதைப் போன வாரம் பார்த்தோம். பாலூட்டிகளிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. எலிகளில் முயன்று தோற்ற மெக்ராத்தும் சோல்டரும், எளிய உட்கரு மாற்றத்தால் பாலூட்டியைப் படியெடுப்பது நடக்கவே நடக்காது என்று 1984-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதியே விட்டார்கள். இரண்டே வருடத்தில் ஸ்டீன் வில்லாட்சன் செம்மறியில் அதைச் சாதித்த செய்தி வெளியானது. ஆனால் அவர் எடுத்தது எட்டு, பதினாறு செல்லே கொண்ட பிஞ்சுக் கருவின் உட்கரு. முதிர்ந்த செல் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

விடை கண்டவர் கீத் காம்ப்பெல். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பராகப் பயிற்சி பெற்றவர். பிறகு ஈஸ்ட்டிலும் தவளை முட்டையிலும் செல் எப்படிப் பிரிகிறது என்று ஆராய்ந்தவர். 1991-ல் எடின்பரோ அருகிலுள்ள ராஸ்லின் நிறுவனத்தில் சேர்ந்தார். செல் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். முட்டைக்குள் போன உட்கருவும் மறுபடி அதே வேலையைச் செய்யும். ஏற்கெனவே இரட்டித்த செல்லாக இருந்தால், வெந்த சோற்றை மீண்டும் உலையில் போட்ட கதைதான். குரோமோசோம்கள் குலைந்து கரு அழிந்துவிடும். அப்படியானால் செல்லை முதலில் ஓய வைக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார்.

ஓய வைக்க அவர் கண்ட வழி பட்டினி. வளர்ப்புக் கரைசலில் 10 சதவீதம் இருந்த, செல்லுக்கு ஊட்டம் தரும் சீரத்தை 0.5 சதவீதமாகக் குறைத்து ஐந்து நாள் விட்டார்கள். செல்கள் சாகவில்லை, பிரிவதை நிறுத்திக்கொண்டு அமைதியாகிவிட்டன. அவற்றை உட்கரு நீக்கிய முட்டையோடு மின்துடிப்பு கொடுத்து இணைத்தார்கள். இப்படித்தான் 1995-ல் மேகன், மோராக் என்ற இரு வெல்ஷ் மலைச் செம்மறிகள் பிறந்தன. ஆய்வகத் தட்டில் பல தலைமுறை வளர்த்த செல்களிலிருந்து வந்த குட்டிகள் அவை. படியாக்க வரலாற்றின் உண்மையான திருப்புமுனை டாலி அல்ல, இந்த இரண்டும்தான் என்பேன்.

முதிர்ந்த செல்லிலிருந்து வந்த டாலி அதே வழியின் அடுத்த அடி. ஆறு வயது ஃபின் டார்செட் ஆட்டின் மடி செல்கள், 277 இணைப்புகள், அவற்றில் 29 கருக்கள் 13 ஆடுகளுக்குள் வைக்கப்பட்டன. 1996 ஜூலை 5 அன்று ஒரே ஒரு குட்டி பிறந்தது. முட்டை தந்ததும் சுமந்ததும் ஸ்காட்லாந்துக் கருமுக ஆடுகள். குட்டியின் முகமோ, மடி செல் தந்த ஆட்டைப் போலவே வெள்ளை.

மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உள்ள முட்டையை உறிஞ்சுகுழாயால் பிடித்து நிறுத்தி, இன்னொரு நுண்குழாயால் அதன் குரோமோசோம்களை மட்டும் எடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் கண் பதித்து இதைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பில் ரிச்சியும் கேரன் வாக்கரும். 1997-ல் 'நேச்சர்' வெளியிட்ட டாலி கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இருவர் பெயரும் இல்லை. இது நியாயமில்லை. அந்த வரிசையில் முதல் பெயர் ராஸ்லின் குழுவின் தலைவர் இயன் வில்மட், கடைசிப் பெயர் காம்ப்பெல். டாலிக்கான பெருமையில் மூன்றில் இரண்டு பங்கு காம்ப்பெல்லுக்கே சேரும் என்பதை 2006-ல் எடின்பரோ தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வில்மட்டே ஒப்புக்கொண்டார். அதற்குள் உலகம் டாலியோடு வில்மட் பெயரைத்தான் மனப்பாடம் செய்திருந்தது. 2012 அக்டோபர் 5 அன்று 58 வயதில் காம்ப்பெல் இறந்தார். மூன்று நாள் கழித்து கர்டனுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள்.

அடுத்த வாரம் ஹரியானாவின் கர்னாலுக்குப் போவோம். விலை கூடிய கருவிகள் இல்லாமல் கையாலேயே முட்டையை வெட்டி, 2009-ல் எருமைக் கன்றைப் படியெடுத்த கதை அங்கே இருக்கிறது.