மாதுளைக் காய் வெடிப்பதைத் தடுக்க முறையான நீர்ப்பாய்ச்சல்

வீட்டுக் கொல்லையில் வளர்க்கும் மாதுளையில் பூ நிறையப் பூக்கிறது, காயும் பிடிக்கிறது. ஆனால் பழுக்கும் தறுவாயில் காய்கள் வெடித்து, எறும்புக்கும் அணிலுக்கும் இரையாகின்றன. நோய் என்று எண்ணி மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் இது நோயல்ல. நீர் விடுவதில் உள்ள ஒழுங்கின்மையே காரணம்.

மண் பல நாள் காய்ந்து கிடந்தால் காயின் தோல் இறுகி, விரியும் தன்மையை இழக்கிறது. பிறகு திடீரென நீர் கிடைத்ததும் உள்ளே முத்துக்கள் பருக்கின்றன, தோல் பிளக்கிறது. செஞ்சிப் பகுதியில் இதற்கு வாய்ப்பு அதிகம். பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர். சித்திரை, வைகாசி வெயிலில் செம்மண் விரைவில் காய்ந்துவிடும். மாசி, பங்குனியில் பூத்த பூ ஆடி, ஆவணியில் முற்றும் நேரத்தில் மாலை வேளையில் இடியுடன் மழை கொட்டும். அதுவரை வாட விட்ட மரத்தில் அந்த ஒரு மழைக்கே காய்கள் பிளந்துவிடும். மாதுளை வறட்சியைத் தாங்கும் மரம்தான். மரம் தாங்கும், காய் தாங்காது.

ஆகவே, பூத்தது முதல் அறுவடை வரை மண்ணில் ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். வளர்ந்த மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 20 முதல் 30 லிட்டர் என்ற கணக்கில் நீர் விடலாம். மணற்பாங்கான மண்ணில் தினமும், களிமண்ணில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சேர்த்தும் விடலாம். நான்கு விரற்கடை ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் அன்று நீர் தேவையில்லை. தூரை ஒட்டி ஊற்றாமல், கிளைகள் பரவியுள்ள அளவுக்கு வட்டப்பாத்தி எடுத்து அதில் விட வேண்டும். நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும் மணிலாத் தோலைப் பாத்தியில் பரப்பினால் ஈரம் நிற்கும். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புக. கோட்டைக்குள் செட்டிகுளம், சக்கரக்குளம் என்று மழைநீரைத் தேக்கி வைத்த ஊர் இது. கிணறு வற்றும் நாளில் அரிசி களைந்த நீரையாவது வீணாக்காமல் மரத்துக்கு விடலாம். சோப்பு நீர் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியை வெட்டிவிட்டு நீரை வடிக்க வேண்டும்.

போரான் சத்துக் குறைவாலும் வெடிப்பு வரும். லிட்டருக்கு 1 கிராம் வெண்காரம் கரைத்துக் காய்ப் பருவத்தில் தெளிக்கலாம்.

பூ உதிர்வதைக் கண்டு கலங்க வேண்டாம். மணி வடிவப் பூக்கள் ஆண் பூக்கள், உதிரவே செய்யும். அடி பருத்த பூவே காயாகும்.

காய் எலுமிச்சை அளவு வந்ததும் துணிப் பை கட்டினால் காய்த்துளைப்பான் அண்டாது. உச்சியிலுள்ள இதழ் போன்ற முனைகள் உட்புறம் மடங்கி, தோல் மஞ்சள் கலந்த சிவப்பாக மாறியதும் காம்போடு கத்தரித்து எடுக்கவும்.