ஈறு தேய்வும் எண்ணெய்க் கொப்பளிப்பும்

“பல் போனால் சொல் போயிற்று” என்பது நம் முன்னோர் வாக்கு. சொல் மட்டுமா போகிறது? உணவின் சுவையும், அதனால் விளையும் உடல் உரமும் உடன் போய்விடுகின்றன. உழைத்து உண்ணும் நம் உறுப்பினர்களுக்குப் பல் வலிமை ஒரு மூலதனம் என்றால் மிகையாகாது. அம்மூலதனத்தைக் காக்க எளிய வழி எனப் பலரும் கூறுவது நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு. அதன் பயன் எவ்வளவு, எல்லை எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தோம். பணி முடிந்தபின் உறுப்பினர் ஒருவரது தறியைப் பார்வையிட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் அமர்ந்து நெய்தவர். நமக்குத் தேநீர் அளித்துவிட்டுத் தம் தேநீரை மட்டும் நெடுநேரம் ஆற வைத்திருந்தார். காரணம் வினவினோம்.

“சூடு பட்டாலும் கூசுது, தண்ணி பட்டாலும் கூசுதுங்க. கீழ்ப்பல்லுல ஈறு இறங்கிப் போச்சு. ஆறு மாசமா விடியக்காலையில நல்லெண்ணெய் கொப்பளிக்கிறேன். ஈறு தானா ஏறி வந்துரும்னு சொன்னாங்க” என்றார்.

கீழ் முன்பற்களின் வேர்கள் மஞ்சள் நிறமாக வெளியே தெரிந்தன. ஒரு பல் நாவால் தொட்டாலே ஆடிற்று. வாயின் இடப்புறம் புகையிலை அடக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு.

ஈறு ஏன் தேய்கிறது?

நாம் உண்ட பின் பல்லின்மீது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது நுண்கிருமிகளின் கூட்டம். அன்றாடம் துலக்கி நீக்கினால் தொல்லை இல்லை. நீக்காது விடின் உமிழ்நீரிலுள்ள உப்புக்களை ஏற்று இறுகிக் காரையாகிறது. தவணை கடந்த கடனுக்கு வட்டி ஏறுவது போலத் தீமை நாளுக்கு நாள் பெருகுகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. துலக்கும்போது இரத்தம் கசிகிறது. பின்னர்ப் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. எலும்பு தாழ, ஈறும் தாழ்கிறது.

வேறு காரணங்களும் உண்டு. செங்கற்பொடி, கரித்தூள், உமிச்சாம்பல் முதலியவற்றால் அழுத்தித் தேய்த்தல், முரட்டுத் தூரிகையைக் குறுக்காக இழுத்தல், புகையிலையை ஒரே இடத்தில் அடக்கி வைத்தல் ஆகியவை ஈற்றை நேரே தேய்க்கவும் புண்படுத்தவும் வல்லவை. பீடி, சிகரெட்டுப் புகைப்பவர்க்கு ஈற்று நோய் முற்றினும் இரத்தக் கசிவு குறைந்தே காணப்படும். ஆதலால் நோய் மறைந்தே வளரும். கட்டுப்படாத நீரிழிவும் இந்நோயை விரைவுபடுத்தும்.

எண்ணெய் என்ன செய்யும்?

எண்ணெயை வாயில் கொள்வது இன்று தோன்றிய வழக்கமன்று. சரக சம்ஹிதை இதனைக் கூறுகிறது. வாய் நிறையக் கொண்டு அசையாது வைத்திருத்தலைக் ‘கண்டூஷம்’ என்றும், கொப்பளித்தலைக் ‘கவளம்’ என்றும் ஆயுர்வேத நூலோர் பிரிப்பர்.

இக்காலத்து ஆய்வும் இதனை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. 2009-ஆம் ஆண்டில் இந்தியப் பல் ஆராய்ச்சி இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஈறு அழற்சியுள்ள இளைஞர் 20 பேரில் ஒரு சாரார் நல்லெண்ணெயாலும், மறு சாரார் குளோர்ஹெக்சிடின் என்னும் மருந்து நீராலும் 10 நாட்கள் கொப்பளித்தனர். இரு சாராருக்கும் பற்படலமும் அழற்சியும் குறைந்தன. ஆயினும் 20 பேர், 10 நாட்கள் என்னும் அளவை மறத்தலாகாது. ஒரு வயலின் ஒரு போக விளைச்சலைக் கொண்டு மாவட்டம் முழுவதற்கும் மதிப்பிடுவோமா?

மேலும், வீங்கிய ஈறு தணிவது வேறு. தேய்ந்த ஈறு வளர்வது வேறு. தென்னையின் அடிமண் மழையில் கரைந்து வேர் வெளிப்பட்டால், நீர் ஊற்றுவதால் மண் திரும்புவதில்லை. வேறிடத்து மண்ணைக் கொணர்ந்து அணைக்கவேண்டும். இறங்கிய ஈறும் அத்தகையதே. எண்ணெய் அதனை மீண்டும் ஏற்றாது. இறுகிய காரையையும் எண்ணெய் கரைக்காது; பல் மருத்துவர் கருவியால்தான் நீக்க இயலும். தேய்வு மிகுந்தவிடத்து, மேலண்ணத்திலிருந்து தசை எடுத்து ஒட்டும் அறுவை முறையும் உண்டு.

செய்யும் முறை

கொப்பளிக்க விரும்புவோர் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயை வாயிலிட்டு, 10 அல்லது 15 நிமிடம் மெல்ல அலைத்து, உமிழ்ந்துவிட வேண்டும். விழுங்கலாகாது. பின் நீரால் வாயைக் கழுவி, மென்தூரிகையால் துலக்கவேண்டும். துலக்குதலுக்கு எண்ணெய் மாற்று ஆகாது. சிறு குழந்தைகளுக்கும், விழுங்குவதில் இடர்ப்படும் முதியோருக்கும் இம்முறை வேண்டா. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கின் நுரையீரல் அழற்சி நேரும்.

எள் பயிரிடும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு சொல். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அதன் பெருமைக்கு அதுவே போதும். செய்யாததைச் செய்யும் என்று சொல்லி விற்கவேண்டியதில்லை. சரக்கின் தரத்தை உள்ளபடி கூறுவதே கூட்டுறவின் நெறி.

மேற்சொன்ன நெசவாளரை மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் செல்லுமாறு வற்புறுத்தினோம். மறுமுறை அவ்வூருக்குச் சென்றபோது அவரே எதிர்கொண்டு வந்து நடந்ததைக் கூறினார். காரையை நீக்கிவிட்டனர். இரத்தக் கசிவு நின்றது. புகையிலையை விட்டுவிட்டார். ஆனால் ஆடிய அந்தப் பல்லைக் காக்க இயலவில்லை. “ஆறு மாசம் முந்தி வந்திருந்தா வச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாருங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவர் கை தானாக வாயை மறைத்தது. எண்ணெய் கொப்பளிப்பதை அவர் விடவில்லை. நாமும் விடச் சொல்லவில்லை.

எண்ணெய் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. அதனை நம்பிக் காத்திருந்த காலமே தீங்கு செய்தது. ஆகவே ஈற்றில் இரத்தம் கசிந்தாலும், பல் கூசினாலும், ஆடினாலும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்பளிப்பு அதன் பின்னர். சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உறுப்பினர் அனைவரும் கூடும் பேரவை நாளன்று, அருகிலுள்ள மருத்துவமனையின் துணையோடு ஒரு பல் பரிசோதனை முகாமும் நடத்தலாம். உரிய காலத்தில் ஒரு பல் காக்கப்பட்டாலும் அம்முயற்சி பயனுடையதே.